10.38.1.35 – கூடங்குளமும் ஒரு ஐ.பி. முகவரியும்

கணினி படிப்பவர்கள் எல்லோருக்கும் 'ஐ.பி. முகவரி' என்பது பழகிப்போன சொல். 'ஐ.பி. முகவரி என்றால் என்ன? அதன் வகைகளை விளக்குக' என்று தேர்வில் கேட்பார்கள். ஏ, பி, சி, டி, இ என ஐந்து வகுப்புகளையும் மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். தேர்வு முடிந்ததும் மறந்தும் போய்விடும்.

ஆனால் 2019 அக்டோபர் 28 அன்று ஒரே ஒரு ஐ.பி. முகவரியைப் பற்றி உலகம் முழுவதும் உள்ள கணினிப் பாதுகாப்பு நிபுணர்கள் பேசினார்கள். அந்த முகவரி 10.38.1.35. அது ஓர் உளவு மென்பொருளுக்குள் எழுதப்பட்டிருந்தது. அதை ஒட்டியே கே.கே.என்.பி.பி. என்ற பெயரும் இருந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் அது!

அந்த எண் எப்படி அமைந்தது, யார் கொடுத்தது, அது எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினாலே ஐ.பி. முகவரி பற்றிய பாடம் முழுவதும் வந்துவிடும்.

முதலில் ஒரு பின்கோடு

ஐ.பி. முகவரிக்குப் போகும் முன் அஞ்சல் முகவரியைப் பார்த்துவிடுவது நல்லது. இந்தியாவில் பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. கூடங்குளத்தின் பின்கோடு 627106. இதில் முதல் எண்ணான 6, தமிழ்நாடு, கேரளம் அடங்கிய பகுதியைக் குறிக்கிறது. 627 என்று சேர்த்துப் படித்தால் திருநெல்வேலி. கடைசி மூன்று எண்களான 106 குறிப்பிட்ட அஞ்சல் அலுவலகத்தைக் காட்டும். வள்ளியூருக்கு 627117, திருநெல்வேலி நகருக்கு 627001.

டெல்லியில் கடிதங்களைப் பிரிக்கிறவருக்குக் கூடங்குளம் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. 6 என்று தொடங்கினால் தெற்கே அனுப்பினால் போதும். தெற்கே உள்ளவர் 627-ஐப் பார்த்துத் திருநெல்வேலிப் பையில் போடுவார். திருநெல்வேலிக்காரர் 106-ஐப் பார்ப்பார். கடைசியில் தபால்காரர் தெருவையும் கதவு எண்ணையும் பார்ப்பார். ஒவ்வொருவரும் தனக்குத் தேவையான பகுதியை மட்டும் படிக்கிறார்கள். முழு முகவரியையும் எல்லோரும் படிக்க வேண்டியிருந்தால் கடிதம் போய்ச் சேராது.

ஐ.பி. முகவரியின் அடிப்படையும் இதேதான். முன்பகுதி எந்த வலையமைப்பு என்று சொல்லும். பின்பகுதி அந்த வலையமைப்புக்குள் எந்தக் கணினி என்று சொல்லும். வழியில் உள்ள ரவுட்டர்கள் முன்பகுதியை மட்டும் பார்த்துத் தகவலை அடுத்த இடத்துக்குத் தள்ளிவிடும்.

32 பிட்டுகள்

இன்றும் பெரிதும் புழக்கத்தில் இருக்கும் நான்காம் பதிப்பு ஐ.பி. 1981 செப்டம்பரில் ஆவணமாக வெளியானது. அந்த ஆவணத்தைத் தொகுத்தவர் ஜான் போஸ்டல். இந்த முறையில் ஒவ்வொரு முகவரியும் 32 பிட் நீளமுள்ளது. அதாவது 0, 1 என்ற இரண்டு குறிகள் மட்டும் 32 இடங்களில்.

10.38.1.35 என்ற முகவரியைக் கணினி இப்படித்தான் பார்க்கிறது:

00001010 00100110 00000001 00100011

மனிதர்களால் இதைப் படிக்க முடியாது. எனவே எட்டு எட்டு பிட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சாதாரண எண்ணாக மாற்றி, நடுவில் புள்ளி வைக்கிறார்கள். எட்டு பிட்டுகளில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 255. அதனால்தான் ஐ.பி. முகவரியில் 256 என்ற எண் வரவே வராது. சினிமாவிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் 312.5.80.1 என்றெல்லாம் திரையில் ஓடும். தொலைபேசி எண் போல நிஜ முகவரி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படிக் காட்டுவதும் உண்டு.

32 பிட்டுகளில் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள் உருவாக்கலாம். 1981-ல் உலகத்தில் இருந்த கணினிகளுக்கு இது அளவுக்கு அதிகம். இன்றைக்கு உலக மக்களுக்கு ஆளுக்கு ஒன்று கூடக் கிடையாது.

எங்கே வெட்டுவது?

32 பிட்டுகளில் எத்தனை வலையமைப்புக்கு, எத்தனை கணினிக்கு? ஆரம்பத்தில் இதற்கு மூன்று அளவுகள்தான் இருந்தன. ஏ வகுப்பில் முதல் எண் வலையமைப்புக்கு, மீதி மூன்றும் கணினிகளுக்கு. ஒரு ஏ வகுப்பு வலையமைப்பில் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் உண்டு. பி வகுப்பில் இரண்டுக்கு இரண்டு, 65,534 கணினிகள். சி வகுப்பில் மூன்றுக்கு ஒன்று; 254 கணினிகள். டி, இ வகுப்புகள் தனித் தேவைகளுக்கு.

துணிக்கடையில் சின்ன அளவு, பெரிய அளவு, யானை அளவு மட்டும் இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. 300 கணினிகள் உள்ள ஒரு கல்லூரிக்கு சி வகுப்பு போதாது. பி வகுப்பு வாங்கினால் 65 ஆயிரத்துக்கும் மேல் சும்மா கிடக்கும். முதலில் வந்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற ஒரே ஒரு கல்வி நிறுவனத்திடம் 18 என்று தொடங்கும் முகவரிகள் முழுவதும், அதாவது ஒன்றரைக் கோடிக்கும் மேல் இருந்தன. 2017-ல்தான் அதில் பாதியை விற்கப்போவதாக அறிவித்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த இதே அளவு முகவரிகளை 2000-ல் திருப்பிக் கொடுத்துவிட்டது.

1993-ல் வகுப்பு முறை கைவிடப்பட்டது. எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம் என்ற புதிய முறை வந்தது. வெட்டும் இடத்தைச் சொல்வதற்குத்தான் 'சப்நெட் மாஸ்க்'. 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்கள் வலையமைப்பு, கடைசி எண் கணினி. இந்த மாஸ்க்கை வைத்துக்கொண்டால் 10.38.1.35-ம் 10.38.1.200-ம் ஒரே தெருக்காரர்கள், நேரடியாகப் பேசிக்கொள்ளலாம். 10.38.2.35 பக்கத்துத் தெரு. அங்கே போக ரவுட்டர் வழியாகத்தான் போக வேண்டும்.

தேர்வில் இன்னும் ஏ, பி, சி கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்!

கொடுப்பவர் யார்?

உலகத்தின் மொத்த முகவரிகளுக்கும் தலைமைக் கணக்குப்பிள்ளை ஐயானா என்ற அமைப்பு. அது பெரும் தொகுதிகளாக ஐந்து வட்டாரப் பதிவகங்களுக்குக் கொடுக்கிறது. ஆசிய பசிபிக் பகுதிக்கு ஏப்னிக். அதன் அலுவலகம் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில். இந்தியாவுக்குள் 2012 முதல் இரின் என்ற தேசியப் பதிவகம் உண்டு. இதை நிக்ஸி நடத்துகிறது. அங்கிருந்து இணைய சேவை நிறுவனங்களுக்கும், பெரிய நிறுவனங்களுக்கும். சேவை நிறுவனத்திடமிருந்து வீட்டு மோடத்துக்கு. நிலத்துக்குப் பட்டா கொடுப்பது போல மேலிருந்து கீழே படிப்படியாக இறங்குகிறது.

கடைசிப் படியில், வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ, ஒவ்வொரு கணினிக்கும் எண் கொடுப்பதை டி.எச்.சி.பி. என்ற ஏற்பாடு செய்கிறது. கணினியை இயக்கியதும் அது 'இங்கே எண் கொடுப்பவர் யாராவது உண்டா?' என்று பொதுவாகக் கூவும். ரவுட்டர் 'இந்த எண்ணை எடுத்துக்கொள், இத்தனை மணி நேரத்துக்கு' என்று பதில் சொல்லும். வாடகை மாதிரிதான். காலம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். சர்வர்களுக்கு மட்டும் வாடகை முறை சரிப்படாது. கோப்புகள் வைத்திருக்கும் கணினியின் எண் தினமும் மாறிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் தேடிக்கொண்டே இருக்க வேண்டும். எனவே அவற்றுக்கு மாறாத எண்ணைக் கையாலேயே எழுதி வைப்பார்கள்.

2011 பிப்ரவரி 3 அன்று ஐயானாவின் கையிருப்பில் இருந்த கடைசி ஐந்து தொகுதிகளும் பகிர்ந்து கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரலில் ஏப்னிக் தன் கடைசித் தொகுதிக்கு வந்து, கொடுப்பதைக் கடுமையாகக் குறைத்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்ததே 1995 ஆகஸ்ட் 15 அன்று, வி.எஸ்.என்.எல். மூலமாக. பந்தி பாதி முடிந்தபின் போய் உட்கார்ந்த கதை.

ஊருக்கு ஊர் ஒரு வடக்குத் தெரு

அப்படியானால் இத்தனை கோடி கணினிகளும் கைபேசிகளும் எப்படி இயங்குகின்றன? இங்கேதான் 10 என்ற எண் வருகிறது.

திருநெல்வேலிப் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வடக்குத் தெரு இருக்கும், ஒரு கீழத் தெரு இருக்கும், ஒரு பிள்ளையார் கோவில் தெரு இருக்கும். ஊருக்குள் 'வடக்குத் தெரு, 5-ம் நம்பர் வீடு' என்று சொன்னால் போதும், சின்னப் பிள்ளை கூடக் கொண்டு விட்டுவிடும். ஆனால் ஊர்ப் பெயர் போடாமல் 'வடக்குத் தெரு, 5' என்று மட்டும் எழுதிச் சென்னையில் தபால் பெட்டியில் போட்டால் அது எங்கும் போகாது. ஆயிரம் ஊர்களில் அதே முகவரி இருக்கிறது.

1996 பிப்ரவரியில் மூன்று தொகுதிகள் இப்படி 'ஊருக்குள் மட்டும்' பயன்படுத்துவதற்காக ஒதுக்கப்பட்டன. 10 என்று தொடங்கும் எல்லா முகவரிகளும், 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. இவற்றை யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் தங்கள் கட்டடத்துக்குள் வைத்துக்கொள்ளலாம். பொது இணையத்தில் இவை செல்லாது. பல வீட்டு ரவுட்டர்களில் 192.168.1.1 என்று இருப்பதற்குக் காரணம் இதுதான். இதில் 10 என்ற தொகுதிக்கு ஒரு பழைய பெருமையும் உண்டு. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டின் எண் அதுதான். 1990-ல் ஆர்பாநெட் மூடப்பட்ட பிறகு அந்த எண் காலியானது.

பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் 10-ஐயே எடுத்துக்கொள்ளும். காரணம், அதில்தான் இடம் அதிகம். 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216 எண்கள். கிளைக்கு ஒன்றாக, கட்டடத்துக்கு ஒன்றாக, துறைக்கு ஒன்றாக விருப்பம் போலப் பிரிக்கலாம்.

இந்த உள் முகவரிக்காரர்கள் வெளி இணையத்துக்குப் போக 'நாட்' என்ற முகவரி மாற்று முறை உதவுகிறது. கல்லூரி விடுதியை நினைத்துக்கொள்ளுங்கள். 200 மாணவர்கள், வெளியுலகத்துக்கு ஒரே முகவரி. உள்ளேயிருந்து போகும் கடிதங்களில் எல்லாம் விடுதி முகவரி போட்டு, எது எந்த அறையிலிருந்து போனது என்று வார்டன் நோட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்தால் நோட்டைப் பார்த்து அறைக்குக் கொடுக்கிறார். ரவுட்டர் செய்வதும் இதுதான். கைபேசி நிறுவனங்கள் இதையே பெரிய அளவில் செய்கின்றன. அதற்கென்றே 100.64 முதல் 100.127 வரையுள்ள தொகுதி 2012-ல் ஒதுக்கப்பட்டது.

2019-ல் நடந்தது

இப்போது கூடங்குளத்துக்குத் திரும்பலாம்.

2019 செப்டம்பர் 23 அன்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'டிட்ராக்' என்ற உளவு மென்பொருளைப் பற்றி எழுதியது. 2018-ல் இந்திய வங்கிகளின் ஏ.டி.எம். இயந்திரங்களில் அட்டை விவரங்களைத் திருட வைக்கப்பட்ட ஒரு மென்பொருளை ஆராயப் போய், அதே குடும்பத்தைச் சேர்ந்த 180-க்கும் மேற்பட்ட மாதிரிகளைக் கண்டுபிடித்திருந்தார்கள். வட கொரியாவோடு தொடர்புடையதாகக் கருதப்படும் லாசரஸ் குழுவின் கைவேலை என்பது அவர்கள் முடிவு. டிட்ராக் என்ன செய்யும்? விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவு செய்யும். உலாவியின் வரலாற்றை எடுக்கும். வட்டில் உள்ள கோப்புகளின் பட்டியலை எடுக்கும். கணினியின் ஐ.பி. முகவரி, அது எந்தெந்த வலையமைப்புகளோடு இணைந்திருக்கிறது என்ற விவரங்களையும் திரட்டும். வீட்டைக் கொள்ளையடிக்கும் முன் தெருவை வரைபடம் போட்டுக்கொள்வது போல.

அக்டோபர் 28 அன்று, சந்தேகக் கோப்புகளைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் இருந்த ஒரு டிட்ராக் மாதிரி ட்விட்டரில் பேசப்பட்டது. அதற்குள் ஒரு கட்டளை இருந்தது. திரட்டிய கோப்பை 10.38.1.35 என்ற கணினியின் சி டிரைவுக்கு நகர்த்து, உள்ளே நுழைய கே.கே.என்.பி.பி.யின் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கையும் இந்தக் கடவுச்சொல்லையும் பயன்படுத்து என்பது அதன் சாரம். மத்திய அரசின் தொழில்நுட்ப உளவு அமைப்பான என்.டி.ஆர்.ஓ.வில் முன்பு பணியாற்றிய புக்ராஜ் சிங், இந்த ஊடுருவல் பற்றி செப்டம்பர் தொடக்கத்திலேயே தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளருக்குத் தெரிவித்துவிட்டதாக அன்று எழுதினார்.

பாடத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். 10 என்று தொடங்குவதால் இது உள் முகவரி. வெளியிலிருந்து யாராலும் இந்த எண்ணுக்கு ஒரு தகவல் துண்டைக்கூட அனுப்ப முடியாது. வடக்குத் தெரு 5-ம் நம்பர் மாதிரி, ஊருக்குள் இருப்பவருக்கு மட்டுமே இதற்கு அர்த்தம் உண்டு. அப்படிப்பட்ட எண் ஓர் உளவு மென்பொருளில் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவருக்கு அது எங்கிருந்து கிடைத்தது? ஏற்கனவே ஒருமுறை உள்ளே வந்து, தெருக்களைப் பார்த்து, எந்த வீட்டுச் சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனவர்தான் இப்படி எழுத முடியும். அதாவது கையில் கிடைத்த மாதிரி முதல் அடி அல்ல, இரண்டாவது அடி.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். திருடியதை இந்த மாதிரி நேராக வெளிநாட்டுக்கு அனுப்பவில்லை. உள்ளே இருக்கும் இன்னொரு கணினியில் கொண்டுபோய் வைக்கிறது. வாசலில் நிற்கும் காவல்காரர் வெளியே போகும் பொருளைத்தான் சோதிப்பார். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போவதை அவ்வளவாகப் பார்க்க மாட்டார்.

இரண்டு அறிக்கைகள்

அக்டோபர் 29 அன்று கூடங்குளம் அணுமின் நிலையம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அணுமின் நிலையங்களின் கட்டுப்பாட்டு அமைப்புகள் தனித்து இயங்குபவை, வெளி வலையமைப்போடும் இணையத்தோடும் இணைக்கப்படாதவை, அவற்றின் மேல் சைபர் தாக்குதல் சாத்தியமில்லை என்றது அது. முதல் அலகு 1000 மெகாவாட்டிலும் இரண்டாம் அலகு 600 மெகாவாட்டிலும் பிரச்சினையின்றி இயங்குவதாகவும் சொன்னது. பரவும் செய்திகள் பொய்யானவை என்றும் குறிப்பிட்டது.

மறுநாள், அக்டோபர் 30 அன்று, நிலையத்தை நடத்தும் இந்திய அணுமின் கழகம் இன்னோர் அறிக்கை வெளியிட்டது. கழகத்தின் அமைப்பில் தீய மென்பொருள் கண்டறியப்பட்டது உண்மை. செப்டம்பர் 4 அன்றே செர்ட்-இன் அமைப்பு இதைத் தெரிவித்தது. அணுசக்தித் துறை வல்லுநர்கள் உடனே ஆராய்ந்தார்கள். பாதிக்கப்பட்ட கணினி நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு இணைந்த வலையமைப்பில் இருந்த ஒரு பயனருடையது. முக்கியமான உள் வலையமைப்பிலிருந்து அது பிரிக்கப்பட்டது. நிலைய இயக்க அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றது.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு விஷயம் புரியும். முதல் அறிக்கை கட்டுப்பாட்டு அமைப்பைப் பற்றிச் சொன்னது தவறு என்று இரண்டாவது அறிக்கை சொல்லவில்லை. ஆனால் மக்கள் கேட்ட கேள்வி அது இல்லையே! 'வீட்டுக்குள் திருடன் வந்தானா?' என்று கேட்டால் 'எங்கள் இரும்புப் பெட்டியை உடைக்கவே முடியாது' என்று பதில் சொன்ன மாதிரி இருந்தது. இரும்புப் பெட்டி பத்திரமாக இருக்கலாம். ஆனாலும் திருடன் வந்திருந்தான்.

10.38.1.35 என்ற எண்ணை மட்டும் பார்த்து அது நிர்வாக வலையமைப்பா, உள் வலையமைப்பா என்று சொல்ல முடியாது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இணையத்தோடு இணைந்த அலுவலகமும் 10-ஐப் பயன்படுத்தலாம், இணையமே இல்லாத தீவு போன்ற வலையமைப்பும் 10-ஐப் பயன்படுத்தலாம். எண்ணில் வேறுபாடு தெரியாது. அன்றைக்கு 'அணு உலையே ஹேக்கர்கள் கையில்' என்று எழுதியவர்களும் அந்த எண்ணிலிருந்து அதற்கு ஆதாரம் காட்டியிருக்க முடியாது. எண் சொன்னது 'உள்ளே' என்று மட்டும்தான். எந்த 'உள்ளே' என்று சொல்ல வேண்டிய பொறுப்பு நிறுவனத்துடையது. அது இரண்டாவது நாள்தான் சொன்னது.

உள் முகவரி ஒரு பூட்டா?

தனி முகவரிக்குப் பின்னால் இருந்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. வெளியிலிருந்து நேராகக் கதவைத் தட்ட முடியாது. ஆனால் உள்ளே இருக்கும் ஒருவர் மின்னஞ்சலில் வந்த கோப்பைத் திறந்துவிட்டால், மென்பொருள் உள்ளேயிருந்து வெளியே பேசத் தொடங்கும். வார்டன் நோட்டில் அதுவும் மாணவர் அனுப்பிய கடிதமாகவே பதிவாகும். விடுதி முகவரி மாற்றுவதற்காக வைத்த நோட்டு அது, திருடனைப் பிடிப்பதற்காக அல்ல.

அப்படியானால் இணையத்தையே துண்டித்துவிட்டால்? அதைத்தான் 'காற்று இடைவெளி' என்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் ஈரானின் நதான்ஸ் யுரேனியச் செறிவூட்டல் ஆலையும் அப்படித் துண்டிக்கப்பட்டதுதான். 2010-ல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட், யு.எஸ்.பி. மூலமும் பரவும்படி எழுதப்பட்டிருந்தது. முதலில் தாக்கப்பட்டவை ஈரானின் வேறு சில நிறுவனங்கள். அவர்கள் வழியாக ஆலைக்குள் போனது. அதனால்தான் 'நிர்வாகக் கணினிதானே' என்று ஒதுக்கிவிட முடியாது. யார் எப்போது பணிக்கு வருகிறார், எந்த நிறுவனம் எந்தக் கருவியைப் பழுது பார்க்க வருகிறது என்பதெல்லாம் ஓர் அலுவலகத்தின் நிர்வாகக் கணினிகளில்தான் இருக்கும். பெட்டிச் சாவி அங்கே இருக்காது. சாவி வைத்திருப்பவரின் பெயர் இருக்கலாம்.

இனி வரும் எண்கள்

இந்த வடக்குத் தெரு ஏற்பாடெல்லாம் எண்கள் போதாததால் வந்தது. ஆறாம் பதிப்பு ஐ.பி.யில் அந்தப் பஞ்சம் இல்லை. 1998-ல் வரையறுக்கப்பட்ட இதில் முகவரியின் நீளம் 128 பிட். மொத்த எண்ணிக்கை, 340-க்குப் பின்னால் 36 பூஜ்யங்கள் போட்டால் வருவதற்குப் பக்கமாக இருக்கும். ஒவ்வொரு கைபேசிக்கும் உலகத்திலேயே தனியான முகவரி கொடுக்கலாம். நான்காம் பதிப்பில் பந்திக்குத் தாமதமாக வந்த இந்தியா, ஆறாம் பதிப்பைப் பயன்படுத்துவதில் உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்று. 2016-ல் ஜியோ தொடக்கத்திலிருந்தே அதைக் கையாண்டது முக்கியக் காரணம்.

எல்லோருக்கும் வெளி முகவரி வந்துவிட்டால், 'உள் எண்தானே, பத்திரம்' என்ற நினைப்புக்கும் இடமிருக்காது. பூட்டை வேறு விதமாகத்தான் போட வேண்டும்: ஃபயர்வால், ஒரு பகுதிக்கும் இன்னொரு பகுதிக்கும் இடையே தடுப்பு, எல்லாக் கணினிக்கும் ஒரே அட்மினிஸ்ட்ரேட்டர் கடவுச்சொல் வைக்காமல் இருப்பது, யார் எங்கே நுழைந்தார் என்ற பதிவேடு.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் புதிய உத்தரவு போட்டது. சைபர் சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனங்கள் தங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும் என்றது. நல்ல மாற்றம். ஆனால் அது நிறுவனம் அரசுக்குச் சொல்வதற்கான கெடு. கூடங்குளத்தில் அரசுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது. தெரியாமல் இருந்தது மக்களுக்குத்தான். செப்டம்பர் 4-க்கும் அக்டோபர் 30-க்கும் இடையே 56 நாட்கள். யாரோ ஒரு மாதிரியைத் தளத்தில் ஏற்றாமலும், யாரோ அதைத் திறந்து அந்த எண்ணைப் படிக்காமலும் இருந்திருந்தால், 57-வது நாளும் சத்தமில்லாமல் போயிருக்கும்.

கூடங்குளத்துக்கும் இடிந்தகரைக்கும் செட்டிகுளத்துக்கும் இது வெறும் கணினிச் செய்தி அல்ல. உலை வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் அங்கே உண்டு. இரு தரப்பினருமே சுவருக்கு இந்தப் பக்கம்தான் குடியிருக்கிறார்கள். உள்ளே என்ன நடந்தது என்பதை அவர்கள் அறிக்கைகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் அறிக்கை மறுப்பாகவும் இரண்டாவது ஒப்புதலாகவும் வந்தால், மூன்றாவது அறிக்கையை நம்புவது கடினம். 'எங்கள் நிர்வாக வலையமைப்பில் ஒரு கணினி பாதிக்கப்பட்டது, உலையின் வலையமைப்பு வேறு, இரண்டுக்கும் இடையே இன்ன தடுப்பு இருக்கிறது' என்று செப்டம்பரிலேயே நான்கு வரி எழுதியிருந்தால், பயப்பட்டவர்களும் கொஞ்சம் குறைவாகப் பயந்திருப்பார்கள்.

அந்த நான்கு வரியைப் புரிந்துகொள்ளப் பொறியியல் பட்டம் தேவையில்லை. வலையமைப்பு என்றால் என்ன, உள் முகவரி என்றால் என்ன என்பது தெரிந்தால் போதும். உங்கள் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து 'ஐ.பி.கான்ஃபிக்' கட்டளையை ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள். 192.168 என்றோ 10 என்றோ ஓர் எண் வரும். அது எந்தத் தெரு, அந்தத் தெருவில் வேறு யார் யார் இருக்கிறார்கள், வாசல் யார் கையில் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். ஐந்து மதிப்பெண்ணுக்கு மேல் தெரிந்துகொள்வீர்கள்.